யார் காத்திருப்பது?

தொலைபேசியை எடுத்து “ஹலோ, யார் பேசறது?” என்று கேட்டு முடிக்க ஒரு நொடி போதும். ஐ.பி. தொலைபேசி அந்த ஒரு நொடிக் குரலை 50 துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. துண்டுக்கு 20 மில்லிநொடிப் பேச்சு. ஜி.711 என்கிற பழைய, இன்றும் புழங்குகிற குரல்முறையில் ஒரு துண்டு 160 பைட். முகவரிகளும் வரிசை எண்ணும் சேர்ந்து ஈதர்நெட் கம்பியில் ஏறும்போது 218 பைட். கூட்டிப் பார்த்தால் ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் நொடிக்கு 87 கிலோபிட். இன்று அலுவலகங்களில் சாதாரணமாகப் போடப்படும் ஒரு கிகாபிட் இணைப்பில் இப்படி நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் நூற்றில் ஒரு பங்குகூட நிறையாது.

பிறகு ஏன் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது?

ஒரு நடுத்தர மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்றாம் மாடி வார்டில் ஒரு சுவிட்ச். அதிலிருந்து தரைத்தளத்துச் சர்வர் அறைக்கு ஒரு கிகாபிட் இணைப்பு. சர்வர் அறைக்குள் எல்லாமே 10 கிகாபிட். வார்டில் மருத்துவர் ஒரு நோயாளியின் சி.டி. ஸ்கேனைத் திறக்கிறார். ஒரு குறுக்குவெட்டுப் படம் 512-க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். ஆக அரை மெகாபைட். ஆயிரம் படங்கள் கொண்ட ஸ்கேன் என்றால் 52 கோடி பைட்டுக்கு மேல். அந்த ஒரு கிகாபிட் இணைப்பை முழுதாக எடுத்துக்கொண்டாலும் இறங்கி முடிய நான்கு நொடிக்குமேல் ஆகும்.

சர்வரோ 10 கிகாபிட் வேகத்தில் கொட்டக்கூடியது. வெளியேறும் வழி ஒரு கிகாபிட். வித்தியாசம் முழுவதும் சுவிட்சின் பஃபரில், அதாவது அதன் தற்காலிக நினைவகத்தில், தேங்க வேண்டும். அந்தப் போர்ட்டுக்கு ஒரு மெகாபைட் பஃபர் ஒதுக்கப்பட்டிருந்தால், சர்வர் முழு வேகத்தில் கொட்டும்போது அது நிரம்ப ஒரு மில்லிநொடிகூட ஆகாது. நிரம்பிய பின் வருகிற பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, எதுவானாலும் கீழே விழும். ஸ்கேனின் துண்டு விழுந்தால் கவலையில்லை. ஸ்கேனை அனுப்பும் நெறிமுறையான டி.சி.பி. அதைக் கவனித்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மறுபடி அனுப்பிவிடும். மருத்துவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. குரலின் துண்டு விழுந்தால் அதை யாரும் மறுபடி அனுப்புவதில்லை. அனுப்பினாலும் பேச்சு அதற்குள் கடந்து போயிருக்கும்.

இதில் மிகவும் ஏமாற்றுவது கண்காணிப்புத் திரைதான். பெரும்பாலான இடங்களில் இணைப்பின் பயன்பாட்டை ஐந்து நிமிடச் சராசரியாக வரைகிறார்கள். 300 நொடியில் 4.2 நொடி மட்டும் இணைப்பு முழுதாக நிறைந்திருந்தால் வரைபடம் காட்டுவது 1.4 சதவீதம். நர்ஸ் புகார் சொல்கிறார், நெட்வொர்க் பொறியாளர் வரைபடத்தைக் காட்டி “லைன் காலியாகத்தானே இருக்கிறது” என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. நெரிசல் நடப்பது மில்லிநொடிக் கணக்கில். அளப்பது நிமிடக் கணக்கில்.

இணைப்பு மெதுவானதாக இருந்தால் நோய் வேறு வடிவம் எடுக்கும். ஒரு மெகாபைட் பஃபரை ஒரு கிகாபிட் இணைப்பு 8 மில்லிநொடியில் காலி செய்துவிடும். 100 மெகாபிட்டுக்கு 80 மில்லிநொடி. மருத்துவமனையின் கிளைக்குப் போகும் 10 மெகாபிட் லீஸ்டு லைனுக்கு 800. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குக் குரல் போய்ச்சேர 150 மில்லிநொடிவரை ஆகலாம், அதுவரை உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. 800 மில்லிநொடியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, திணறுவார்கள். அங்கே பஃபரைப் பெரிதாக்குவது நோயைக் கூட்டும்.

1990-இல் அமெரிக்காவின் கல்பனா என்ற சிறு நிறுவனம் ஏழு போர்ட் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. காத்திருப்பு ஒவ்வொரு கணினிக்குள்ளும் சிதறிக் கிடந்தது. சுவிட்ச் வந்ததும் காத்திருப்பு ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. ஒரே இடத்தில் வரிசை நிற்கிறது என்றால், வரிசையின் ஒழுங்கை யாரோ ஒருவர் முடிவு செய்யலாம். அந்த முடிவைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

முன்னுரிமையின் கணக்கு

முன்னுரிமை வேகத்தை உண்டாக்காது. ஒரு கிகாபிட் இணைப்பு முன்னுரிமை கொடுத்த பிறகும் ஒரு கிகாபிட்தான். ஒரு பாக்கெட் முந்துகிறது என்றால் இன்னொன்று பிந்துகிறது. இதைக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். திட்டம் போட உட்காரும்போது எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

கணிதம் இதை இறுக்கமாகவே சொல்கிறது. வரிசைகளின் கணிதத்தைத் தொடங்கிவைத்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க்காரர் ஏ.கே. எர்லாங், அவருடைய முதல் கட்டுரை 1909-இல் வந்தது. முன்னுரிமை கொண்ட வரிசையில் யார் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதற்கு ஆலன் காபம் 1954-இல் சூத்திரம் தந்தார். 1965-இல் லியோனார்டு க்ளைன்ராக் இன்னும் பொதுவான ஒரு விதியை நிறுவினார். பின்னாளில் இணையத்தின் முன்னோடிகளில் ஒருவராக அறியப்பட்டவர் இவர். ஒவ்வொரு முன்னுரிமை வகுப்பின் சுமையையும் அதன் சராசரிக் காத்திருப்பையும் பெருக்கி, எல்லா வகுப்புக்கும் கூட்டினால் வருகிற தொகை, வரிசையை எப்படி மாற்றி அடுக்கினாலும் மாறாது. இது காப்பு விதி. காத்திருப்பை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். இணைப்பு 80 சதவீதம் நிறைந்திருக்கிறது, பாக்கெட்டுகள் தற்செயலாக வந்து சேர்கின்றன, எல்லா வகுப்பின் பாக்கெட்டும் ஒரே தன்மையுடையது என்று கொள்வோம். முன்னுரிமை ஏதும் இல்லாதபோது எல்லோருடைய சராசரிக் காத்திருப்பும் 5 அலகு. இப்போது அந்த 80-இல் ஒரு சதவீதத்துக்கு மட்டும், அதாவது குரலுக்கு மட்டும், முன்னுரிமை கொடுத்தால் குரலின் காத்திருப்பு 5-லிருந்து ஏறக்குறைய 1-க்கு இறங்குகிறது. மற்றவர்களுடையது 5-லிருந்து 5.05 ஆகிறது. யாருக்கும் வலிக்கவில்லை. சரி, பாதிச் சுமைக்கு முன்னுரிமை கொடுத்தால்? முன்னே நிற்பவர்களுக்கு 1.7, பின்னே நிற்பவர்களுக்கு 8.3. இனி 79 சதவீதத்துக்கும் முன்னுரிமை கொடுத்து, ஒரு சதவீதத்தை மட்டும் பின்னே தள்ளிப் பாருங்கள். முன்னுரிமை பெற்ற பெருங்கூட்டத்தின் காத்திருப்பு 5-லிருந்து 4.76. கிடைத்தது ஐந்து சதவீத ஆதாயம். தள்ளப்பட்ட அந்த ஒரு சதவீதம் 24 அலகு காத்து நிற்கிறது.

கோயிலில் சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கியவர் கூட்டம் பொது வரிசையைவிட நீண்டுவிட்ட திருவிழா நாளைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் புதிதாக இருக்காது. சந்நிதியின் வாசல் அகலமாகவில்லை. சீட்டு வாங்கியவரும் நிற்கிறார், வாங்காதவர் நகரவே இல்லை.

இதிலிருந்து திட்டமிடுபவருக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. முன்னுரிமைக்கு உரியது சின்னதாக இருக்க வேண்டும், அது தானாகப் பெருகாததாகவும் இருக்க வேண்டும். குரல் இரண்டுக்கும் பொருந்துகிறது. அவசரமாகப் பேசினாலும் 87 கிலோபிட்தான். கண்காணிப்புக் கேமரா பொருந்தாது. ஒரு கேமராவுக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் நூறு கேமராக்கள் 400 மெகாபிட். அதோடு, கேமரா சீராக அனுப்புவதில்லை. முழுப்படம் ஒன்றை அவ்வப்போது பெரிதாக அனுப்பி, இடையில் மாற்றங்களை மட்டும் சிறிது சிறிதாக அனுப்பும். பல கேமராக்களின் முழுப்படங்கள் ஒரே கணத்தில் வந்து மோதினால் பஃபர் நிரம்பும். அவற்றைக் குரலோடு ஒரே வரிசையில் நிறுத்தினால் குரலுக்குக் கொடுத்த முன்னுரிமை வீண். முழு முன்னுரிமை வரிசைக்கு இணைப்பில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கொடுக்காதீர்கள் என்று சிஸ்கோ தன் வடிவமைப்பு வழிகாட்டிகளில் சொல்லிவந்தது இதனால்தான்.

அடையாளம், அதை நம்புவது

சுவிட்ச் ஒரு பாக்கெட்டைப் பார்த்து இது குரல், இது ஸ்கேன் என்று எப்படித் தெரிந்துகொள்ளும்? பாக்கெட்டின் நெற்றியில் எழுதியிருக்க வேண்டும்.

எழுதும் வழக்கம் படைத்துறையிலிருந்து வந்தது. 1960-களில் அமெரிக்கப் படையின் ஆட்டோவான் தொலைபேசிகளில் வழக்கமான 12 பொத்தான்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு நெடுவரிசை இருந்தது. பிரையாரிட்டி, இமீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைடு என்று ஏறுவரிசையில் நான்கு பொத்தான்கள். மேல்நிலைப் பொத்தானை அழுத்தினால், வழி கிடைக்காதபோது கீழ்நிலை அழைப்பு ஒன்றைத் துண்டித்து வழி பறித்துக் கொடுக்கும். பேசிக்கொண்டிருந்தவர்கள் காதில் ஓர் எச்சரிக்கை ஒலி, அவ்வளவுதான். 1981-இல் இணைய நெறிமுறையை வரையறுத்த ஆர்.எஃப்.சி. 791 ஆவணம் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் மூன்று பிட்டை முன்னுரிமைக்கு ஒதுக்கியது. அந்த எட்டுப் படிகளின் பெயர்ப் பட்டியலில் அதே பிரையாரிட்டி, இமீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைடு இடம்பெற்றன. ஆனால் வேலை மாறிவிட்டது: தொலைபேசிச் சுற்றில் முன்னுரிமை அடுத்தவர் பேச்சை வெட்டியது, பாக்கெட் வலையில் அது அடுத்தவரைக் காக்க வைக்கிறது.

1998-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஈதர்நெட் ஃபிரேமில் நான்கு பைட் கூடுதல் சீட்டு ஒன்றைச் செருகும் 802.1கியூ தரநிலை வந்தது. அதிலும் மூன்று பிட் முன்னுரிமைக்கு. அதே ஆண்டு டிசம்பரில் டிஃப்செர்வ் என்கிற புதிய ஏற்பாடு ஐ.பி. தலைப்பின் அந்தப் பழைய பைட்டை எடுத்து, மூன்று பிட்டை ஆறாக்கி, 64 அடையாளங்களுக்கு வழி செய்தது. குரலுக்கு வழக்கமாகப் போடப்படும் எண் 46. இரும எண்ணில் 101110. இதன் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்தால் 5. ஈதர்நெட் சீட்டில் குரலுக்குப் பலரும் போடுவது அந்த 5-தான்.

அழகாகப் பொருந்துகிறதே என்று நினைக்கும் இடத்தில் ஒரு குழி இருக்கிறது. வைஃபையில் நான்கு வகுப்புகள்தான்: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. அங்கே குரல் வகுப்பு 6, 7 என்ற எண்களுக்கு உரியது. 4-ம் 5-ம் வீடியோவுக்கு. ஆகவே 46 என்று சரியாகக் குறித்து அனுப்பிய குரல், முதல் மூன்று பிட்டை வைத்து மொழிபெயர்க்கப்பட்டால், வார்டில் கையில் வைத்திருக்கும் வைஃபை ஃபோனுக்குப் போகும்போது வீடியோ வகுப்பில் இறங்கிவிடும். இதைச் சரிசெய்யும் பொருத்தப் பட்டியலை ஆர்.எஃப்.சி. 8325 என்ற ஆவணம் 2018-இல்தான் தந்தது. இன்னொரு குழி: ஈதர்நெட் சீட்டில் 1 என்பது 0-க்குக் கீழே. ஒன்றும் குறிக்காத பாக்கெட் எல்லாம் 0 என்பதால், அதைவிடத் தாழ்ந்த பின்னணி வேலைக்கு 1-ஐக் கொடுத்துவிட்டார்கள். எண் கூடக்கூட மதிப்பும் கூடும் என்று நினைத்து, மருத்துவப் பதிவேட்டு மென்பொருளுக்கு 1 என்று போட்டால், அதைத் தூக்கிவிட்டதாக எண்ணிக் கீழே தள்ளியிருப்போம்.

குறிகளைவிடப் பெரிய கேள்வி, குறியை யார் எழுதினார் என்பது. எந்தக் கணினியும் தன் பாக்கெட்டில் 46 என்று எழுதிக்கொள்ளலாம். வலையின் விளிம்பில் ஒரு கோடு கிழித்து, அதற்கு வெளியே எழுதப்பட்ட குறிகளை நம்புவதில்லை என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மேசைமேல் ஐ.பி. தொலைபேசி, அதன் முதுகில் செருகிய கம்பி வழியாகக் கணினி. பல இடங்களில் காணும் அமைப்பு இது. சுவிட்ச் தொலைபேசியை நம்பும். தொலைபேசி தன் குரலுக்குக் குறி போட்டுக்கொண்டு, கணினியிலிருந்து வருவதை 0 என்று மாற்றி எழுதிவிடும். நான் பார்த்தவரையில் திட்டங்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். வழியில் உள்ள பத்து சுவிட்சில் ஒன்று மட்டும், அமைப்பு மாற்றப்படாமல், வருகிற குறியையெல்லாம் அழித்துவிடும். அதற்குப் பின்னால் உள்ள எல்லா ஏற்பாடும் வெறும் காகிதம்.

கட்டடத்தைத் தாண்டி இணையத்துக்குள் போனால் குறிக்குப் பொதுவாக மதிப்பில்லை. அடுத்த நிறுவனம் அதை அழிக்கும் அல்லது மாற்றும். அங்கே கேள்வியே வேறு. தன் மருத்துவமனைக்குள் ஸ்கேனைவிடக் குரல் முந்தட்டும் என்பது வீட்டு நிர்வாகம். பொதுமக்களின் இணைப்பில் ஒரு நிறுவனத்தின் வீடியோ இன்னொன்றின் வீடியோவை முந்தட்டும் என்பது பொது வாழ்வின் நீதி சார்ந்தது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்த இணையச் சமநிலை விதிகளை அரசு 2018 ஜூலையில் ஏற்றது. கருவி ஒன்றுதான், பிடிக்கிற கை வேறு.

கீழேயிருந்து தொடங்குவது

குறி தெரிந்தாயிற்று. இனி சுவிட்ச் என்ன செய்யும்? ஒவ்வொரு போர்ட்டின் வெளிவாயிலிலும் நான்கோ எட்டோ வரிசைகள் இருக்கும். எந்த வரிசையிலிருந்து அடுத்த பாக்கெட்டை எடுப்பது என்பதுதான் அதன் முழு அறிவு.

எளிய வழி, மேல் வரிசை காலியாகும்வரை கீழ் வரிசையைத் திரும்பியும் பார்க்காதது. குரலுக்கு இதுவே சிறந்தது. ஆனால் எல்லா வரிசைக்கும் இதையே வைத்தால் கடைசி வரிசை பட்டினி கிடக்கும். நீதியான பங்கீடு என்ற எண்ணத்தைப் பாக்கெட் வலைக்குக் கொண்டுவந்தவர் ஜான் நேகிள். 1985 டிசம்பரில் அவர் எழுதிய ஆர்.எஃப்.சி. 970 ஒரு விசித்திரமான கேள்வியோடு தொடங்குகிறது: சுவிட்சுக்கு முடிவில்லாத நினைவகம் இருந்தால் என்ன ஆகும்? பாக்கெட் எதுவும் விழாது, எல்லாம் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றும். சுமை மிஞ்சினால் வரிசை நீண்டுகொண்டே போகும், ஒவ்வொரு பாக்கெட்டும் தன் ஆயுள் தீர்ந்த பிறகே வாசலை அடையும், வலை கடைசியில் எல்லாவற்றையுமே வீசி எறியும் என்று அவர் காட்டினார். ஆகவே அனுப்புபவருக்கு ஒரு வரிசை. வரிசைக்கு ஒரு முறை. அப்படிச் செய்தால் அளவுக்கு மீறிக் கொட்டுபவர் தன் வரிசையைத்தான் நீட்டிக்கொள்வார்.

அதில் ஒரு குறை இருந்தது. பெரிய பாக்கெட் அனுப்புபவருக்கு முறைக்கு அதிகப் பைட் கிடைத்துவிடும். ஆலன் டெமர்ஸ், ஸ்ரீநிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் மூவரும் 1989-இல் பைட் கணக்கில் நீதி செய்யும் முறையைத் தந்தார்கள். அது துல்லியமானது, வேகமான சுவிட்சுக்குக் கணக்கு அதிகம். 1995-இல் எம். ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் அதைச் சுருக்கினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசைக்கும் குறிப்பிட்ட பைட் வரவு வைக்கப்படும். அடுத்த பாக்கெட் வரவுக்குள் அடங்கினால் போகலாம். அடங்காவிட்டால் வரவு அடுத்த சுற்றுக்குச் சேரும். பள்ளிக் கணக்குப் போலத் தோன்றுகிறது, சிப்பில் பதிக்கவும் அவ்வளவு எளிது. இன்றைய சுவிட்சுகளில் புழங்கும் பங்கீட்டு முறைகளில் இது முக்கியமானது. ஒரு வரிசைக்கு இரட்டிப்பு வரவு வைத்தால் இரட்டிப்புப் பங்கு. யாரும் பட்டினி கிடப்பதில்லை.

கருவிகள் இவ்வளவே. திட்டம் சுவிட்சில் தொடங்குவதில்லை, மருத்துவமனையின் மாடிப்படிகளில் தொடங்குகிறது. ஒவ்வொரு துறையிடமும் “உங்கள் வேலை முக்கியமா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அந்தப் பதிலை வைத்து வரிசை போட முடியாது. 79 சதவீதத்துக்கு முன்னுரிமை கொடுத்த கணக்கில்தான் அது கொண்டுபோய் விடும். கேட்க வேண்டியது வேறு: உங்கள் பாக்கெட் அரை நொடி பிந்தினால் என்ன கெடும்? அரை மணி பிந்தினால்? ஒன்று விழுந்துபோனால் மென்பொருள் மறுபடி அனுப்புமா? ஸ்கேன் துறை நேர்மையாகப் பதில் சொன்னால், அரை நொடி பிந்துவது ஒரு பொருட்டே இல்லை என்பார்கள். உயிர் காக்கும் வேலை என்பதும் அவசரமான பாக்கெட் என்பதும் ஒன்றல்ல.

ஆகவே நான் சொல்வது: கீழேயிருந்து தொடங்குங்கள். முதலில் காக்க வைக்கக்கூடியவற்றை இறக்குங்கள். இரவில் ஓடும் பேக்கப், மென்பொருள் புதுப்பிப்புகள், நோயாளியோடு வந்தவர்களின் வைஃபை. இவற்றுக்கென்றே 2019-இல் ஆர்.எஃப்.சி. 8622 ஒரு குறியை ஒதுக்கியிருக்கிறது, எண் 1. இருப்பதிலேயே தாழ்ந்தது. பேக்கப்பை இறக்கியதுமே, வேறு எதையும் ஏற்றாமல், பாதிப் புகார்கள் நிற்பதைப் பார்க்கலாம். காப்பு விதிப்படி இது சரிதான்: காத்திருப்பை, அதனால் துன்பப்படாத ஒருவரிடம் ஒப்படைத்தாயிற்று. கோடிக்கணக்கான பைட்டுகள் கொண்ட அந்தப் பேக்கப் பத்து நிமிடம் பிந்தி முடிந்தால் யாருக்கும் நட்டமில்லை.

மேலே யாரை வைப்பது என்பது அதற்குப் பிறகு. உச்சியில் குரலுக்கும் மேலாக வலையின் சொந்தப் பேச்சு இருக்க வேண்டும். சுவிட்சுகள் தமக்குள் வழி பேசிக்கொள்ளும் சிறு பாக்கெட்டுகள் பட்டினி கிடந்தால், ஒரு சுவிட்ச் இன்னொன்று செத்துவிட்டதாக எண்ணி வழிகளை மாற்றும். அதோடு எல்லோருடைய முன்னுரிமையும் போயிற்று. அடுத்தது குரல், அளவுக்கட்டுப்பாட்டோடு. நடுவில் மருத்துவப் பதிவேடும் ஸ்கேனும் பங்கீட்டு முறையில். கேமராக்களுக்குத் தனி வரிசை. 2006-இன் ஆர்.எஃப்.சி. 4594 பன்னிரண்டு வகுப்புகளைப் பரிந்துரைக்கிறது. நான்கு வரிசை உள்ள சுவிட்சில் அவற்றை மடித்துத்தான் வைக்க வேண்டும். மடிக்கும்போது ஒரே ஒரு விதியை விடக் கூடாது: நெரிசலைக் கண்டு ஒதுங்கும் டி.சி.பி.யையும், ஒதுங்கத் தெரியாத வீடியோ ஓட்டத்தையும் ஒரே வரிசையில் போடாதீர்கள். ஒதுங்குவது ஒதுங்கிக்கொண்டே இருக்கும்.

முன்னுரிமையை மட்டும் நம்ப முடியாத இடங்களும் உண்டு. மின்சாரத் துணைமின்நிலையங்களில் ஐ.இ.சி. 61850 தரநிலைப்படி, பழுது கண்ட கருவி பிரேக்கருக்கு ‘துண்டி’ என்று அனுப்பும் செய்தி 3 மில்லிநொடிக்குள் போய்ச்சேர வேண்டும். உச்ச முன்னுரிமை கொடுத்தாலும், கம்பியில் ஏற்கனவே ஏறிவிட்ட ஃபிரேம் முடியும்வரை நின்றுதான் ஆக வேண்டும். 100 மெகாபிட்டில் முழு நீள ஃபிரேம் ஒன்று போக 123 மைக்ரோநொடி. பத்து சுவிட்சைத் தாண்ட வேண்டியிருந்து, ஒவ்வொன்றிலும் இப்படி நின்றால் 1.2 மில்லிநொடி அதிலேயே போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரேமை இடையில் நிறுத்தி அவசரச் செய்தியை விட்டுவிட்டு, மீதியைத் தொடரும் 802.1கியூபியு முறை 2016-இல் தரநிலையானது இதற்காகத்தான். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் உள்வலையில் இன்னும் கடுமையான ஒழுங்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி, 1 முதல் 128 மில்லிநொடிக்குள், முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். வருகிறவர் அளவு கட்டுக்குள் இருப்பதால், மிக மோசமான தாமதம் எவ்வளவு என்பதை விமானம் பறப்பதற்கு முன்பே கணக்கிட்டு நிறுவிவிடலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, கூடுதல் வேகம் வாங்கிப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்களை அலட்சியப்படுத்த முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 அமைப்பு, கியூபோன் என்ற பெயரில், நாடு தழுவிய முன்னுரிமைச் சேவையைக் கட்ட முயன்றது. 2002-இல் அதில் ஈடுபட்டிருந்தவர்களே அது ஏன் நடைமுறைக்கு வரவில்லை, இனியும் ஏன் வராது என்று விளக்கி எழுதினார்கள். வேகம் மலிந்துகொண்டிருந்தது, முன்னுரிமையின் நிர்வாகச் செலவு குறையவில்லை. கட்டடத்துக்குள்ளும் முதல் மருந்து வேகம்தான் என்பது என் கருத்து. எப்போதும் 80 சதவீதம் நிறைந்து கிடக்கும் இணைப்பை முன்னுரிமையால் காப்பாற்ற நினைப்பது தவறு. ஆனால் மில்லிநொடி நெரிசல்களை வேகம் முழுதாகத் தீர்க்காது. வார்டு இணைப்பை 10 கிகாபிட் ஆக்கினால் சர்வர் அறை 100 கிகாபிட் ஆகியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு, அது இணைப்பு அறுந்த நாளைப் பற்றியது.

வார்டிலிருந்து சர்வர் அறைக்கு இரண்டு இணைப்புகள் போட்டிருப்பார்கள், ஒன்று போனால் மற்றொன்று என்று. இரண்டும் 40 சதவீதம் நிறைந்திருக்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றதன் சுமை 80. சுமை இரண்டு மடங்குதான் ஆயிற்று. காத்திருப்பு அப்படி ஏறாது. எர்லாங் வழிவந்த எளிய சூத்திரப்படி சுமையை மீதியிடத்தால் வகுக்க வேண்டும்: 40-ஐ 60-ஆல் வகுத்தால் 0.67, 80-ஐ 20-ஆல் வகுத்தால் 4. ஆறு மடங்கு. முன்னுரிமை வரிசையில் நிற்கும் குரலுக்கோ இரண்டு மடங்கு மட்டுமே, அதுவும் மைக்ரோநொடிக் கணக்கில்.

ஆகவே சோதனையும் அந்த நிலையில்தான் நடக்க வேண்டும். இரவில் நடமாட்டம் குறைந்த நேரத்தில், துறைகளுக்குச் சொல்லிவிட்டு, இரண்டில் ஒரு கம்பியைப் பிடுங்குங்கள். மீதியுள்ள இணைப்பை ஐபெர்ஃப் போன்ற கருவியால், மிகத் தாழ்ந்த வகுப்பில் குறித்து, வேண்டுமென்றே நிரப்புங்கள். வார்டிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசட்டும், இன்னொருவர் ஸ்கேனைத் திறக்கட்டும். பிறகு ஒவ்வொரு சுவிட்சிலும், ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக, விழுந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் படியுங்கள். கடைசி வரிசையில் ஆயிரக்கணக்கில் விழுந்திருக்கும். அது திட்டத்தில் எழுதியபடி நடக்கிறது. குரல் வரிசையில் ஒன்று விழுந்திருந்தாலும், எந்தச் சுவிட்சில் விழுந்தது என்று பார்த்து, அங்கே குறி அழிகிறதா, அளவுக்கட்டுப்பாடு குறைவாக இருக்கிறதா, வேறு யாராவது 46 என்று எழுதிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். புதிதாக ஓர் எந்திரம் வாங்கப்பட்டு, அதை விற்றவர் ‘இதற்கு உச்ச முன்னுரிமை வேண்டும்’ என்று கேட்கிற ஒவ்வொரு முறையும் இதே சோதனை மறுபடி.